பனி விலகிய மண்ணில் காடு பிறந்த விதம்

செங்கல் சூளைக்கு மேல்மண் எடுத்த நிலத்தில் மறு வருடம் பயிர் வைத்துப் பார்த்தவர்கள் அந்த அனுபவத்தை மறக்கமாட்டார்கள். விதை முளைக்கும். ஒரு சாண் உயரம் வரும். பிறகு வெளிறிப்போய் அப்படியே நின்றுவிடும். ஒரு முழ ஆழத்துக்கு மண் போனதற்கே இந்த நிலை. ஒரு நாடு முழுவதும் மேல்மண்ணும் அடிமண்ணும் சுரண்டப்பட்டு, பாறையும் கூழாங்கல்லும் அரைபட்ட கல்மாவும் மட்டுமே மிஞ்சினால் அங்கே மறுபடியும் பச்சை காண என்ன வழி?

ஐரோப்பாவின் வட பகுதியிலும், வட அமெரிக்காவின் வட பாதியிலும் இது உண்மையாகவே நடந்தது. இன்று அங்கே கண்ணுக்கெட்டிய தூரம் வரை காடு நிற்கிறது. சுவீடன், பின்லாந்து ஆகிய நாடுகளின் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் காடுதான். அந்தக் காடு முதன்முதலில் எழுந்தபோது நட்டவரும் இல்லை, உரமிட்டவரும் இல்லை. சத்தில்லாத இடத்தில் சத்து எங்கிருந்து வந்தது என்பதை விஞ்ஞானிகள் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக ஆராய்ந்து, பெரும்பகுதியைக் கண்டறிந்துள்ளனர். மண்ணோடு உறவாடும் உழவர்களுக்கு அந்தச் செய்தி அந்நியமாக இராது.

பனி உழுத நிலம்

சுமார் 21,000 ஆண்டுகளுக்கு முன் பூமி இன்றைவிட வெகு குளிராக இருந்தது. வட நாடுகளில் குளிர்காலத்தில் பெய்த பனி கோடையில் உருகி முடியவில்லை. ஆண்டுக்கு ஆண்டு அடுக்கடுக்காகச் சேர்ந்து, தன் பாரத்தாலேயே இறுகிப் பனிக்கட்டியாயிற்று. நார்வே, சுவீடன், பின்லாந்து நாடுகளின்மேல் அது ஏறக்குறைய 3 கிலோ மீட்டர் உயரத்துக்கு நின்றது. கனடாவின் பெரும்பகுதியையும் பனிப்பாளம் மூடியிருந்தது. இவ்வளவு நீர் நிலத்தின்மேல் கட்டியாக நின்றுவிட்டதால் உலகெங்கும் கடல்மட்டம் 120 மீட்டர் அளவுக்குத் தாழ்ந்திருந்தது.

அத்தனை பாரமுள்ள பனிக்கட்டி ஓரிடத்தில் அசையாமல் நிற்பதில்லை. மிக மெதுவாக வழிந்து நகரும். நகரும்போது அடியில் உள்ள மண்ணை வாரிக்கொண்டு, பாறையைத் தேய்த்து மாவாக்கி, வீடு போன்ற கற்களையும் தூக்கிச் சென்று வேறிடத்தில் போட்டுவிடும். பிறகு வெப்பம் கூடிப் பனி பின்வாங்கத் தொடங்கியது. இடையில் 12,900 ஆண்டுகளுக்கு முன் மறுபடி கடுங்குளிர் திரும்பி, சுமார் 1,200 ஆண்டுகள் நீடித்தது. அதன்பின், 11,700 ஆண்டுகளுக்கு முன், வெப்பம் நிலையாக உயர்ந்தது. சுவீடனின் வட பகுதியில் பனி நீங்கி இன்றைக்குச் சுமார் 10,000 ஆண்டுகளே ஆகின்றன.

பனி விட்டுச்சென்ற நிலத்தை நம் முறையில் மண் பரிசோதனை செய்திருந்தால் முடிவு வியப்பாக இருந்திருக்கும். புதிதாக அரைபட்ட பாறை ஆதலால் சாம்பல் சத்து, சுண்ணாம்பு, இரும்பு, மக்னீசியம் எல்லாம் உண்டு. மணிச்சத்தும் கல்லுக்குள் உண்டு. ஈரத்துக்கும் குறைவில்லை. ஆனால் தழைச்சத்து அநேகமாகக் கிடையாது. காரணம் எளிது. மற்றச் சத்துகள் கல்லிலிருந்து பிறப்பவை. தழைச்சத்து காற்றிலிருந்து இறங்கவேண்டியது. அதை இறக்கிக் கொடுக்க உயிருள்ள ஏதாவது ஒன்று வேண்டும். அது வரும்வரை மற்ற எல்லாம் இருந்தும் பயனில்லை.

முதலில் வந்தவை கண்ணுக்கே புலப்படாதவை. ஈரக் கல்லின்மேல் கறுப்புப் பொருக்குப்போல் படரும் பாசி இனங்களும், காற்றில் பறந்து வரும் பாறைப்பூசண இனங்களும், பாசங்களும் இடம்பிடித்தன. நெல் வயலுக்கு நீலப்பச்சைப் பாசி இடுவது பற்றி நம் விவசாயிகள் அறிவர். அதே குடும்பத்தைச் சேர்ந்த பாசிகள்தாம் அங்கும் காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துத் தந்தன. ஆனால் இந்த அளவு சத்தை வைத்து ஒரு காடு எழமுடியாது. அதற்குப் பெரிய கைகள் தேவைப்பட்டன.

கண்முன்னே நடக்கும் சோதனை

பதினாயிரம் ஆண்டுகளுக்கு முன் நடந்ததை நேரில் காண இயலாது. ஆனால் அதே காரியம் சிறு அளவில் இன்றும் நடக்கும் இடங்கள் உண்டு. அலாஸ்காவில் உள்ள கிளேசியர் பே என்னும் விரிகுடா அவற்றில் முதன்மையானது. 1794-ல் ஆங்கிலேயக் கடலோடி ஜார்ஜ் வான்கூவரின் குழுவினர் அங்கே சென்றபோது விரிகுடாவே இல்லை. வாசலை அடைத்துக்கொண்டு பனிக்கட்டி மதில்போல் நின்றது. 1879-ல் ஜான் மியூர் என்னும் இயற்கை ஆர்வலர் போனபோது பனி உள்நோக்கி 50 கிலோ மீட்டர் அளவுக்குப் பின்வாங்கியிருந்தது. 1916-ல் அது வாசலிலிருந்து 100 கிலோ மீட்டருக்கு மேல் விலகிவிட்டது. ஆகவே இன்று அங்கே படகில் வாசலிலிருந்து உள்ளே போகிறவர், இருநூறு ஆண்டு வயதுள்ள காட்டில் தொடங்கி, வயது குறைந்துகொண்டே போய், நேற்றுப் பனி விலகிய வெறுங்கல்லில் போய் நிற்கலாம்.

1916-ஆம் ஆண்டு வில்லியம் கூப்பர் என்னும் அமெரிக்கத் தாவரவியலார் அங்கே பனி விலகிய நிலத்தில் ஒரு மீட்டர் சதுரமாக ஒன்பது இடங்களை அடையாளமிட்டு, எந்தச் செடி எங்கே நிற்கிறது என்று வரைபடம் எழுதினார். அவருக்குப் பின் வந்தவர்கள் அதே சதுரங்களுக்குத் திரும்பத் திரும்பச் சென்று குறிப்பெடுத்தனர். இடையில் விட்டுப்போன அந்தச் சதுரங்களை 2016-ல் மீண்டும் தேடிக் கண்டுபிடித்தனர். நூறு ஆண்டு ஒரே இடத்தைப் பார்த்த குறிப்பு உலகில் வெகு அரிது.

அங்கே பாசிப் பொருக்குக்குப் பின் டிரையாஸ் என்னும் தரையோடு படரும் செடி பாய் விரித்தாற்போல் பரவுகிறது. அதையடுத்து வில்லோ புதர்களும், பிறகு ஆல்டர் என்னும் குறுமரமும் வருகின்றன. ஆல்டர் வந்த பிறகுதான் நிலத்தின் தோற்றமே மாறுகிறது. நிலக்கடலைச் செடியைப் பிடுங்கிப் பார்த்தால் வேரில் கடுகளவு முடிச்சுகள் இருக்குமல்லவா? ஆல்டரின் வேரில் அவை பவழக் கொத்துப்போல் பெரிதாகக் காணப்படும். நிலக்கடலையில் இருப்பது ரைசோபியம். ஆல்டரில் இருப்பது பிராங்கியா என்னும் வேறு வகை நுண்ணுயிர். இரண்டின் வேலையும் ஒன்றே. பிராங்கியாவைச் செடியிலிருந்து பிரித்துத் தனியே வளர்ப்பது வெகுகாலம் முடியாத காரியமாக இருந்து, 1978-ல்தான் அமெரிக்காவில் வெற்றி கண்டனர். நம் கடற்கரை மணலில் உரமில்லாமலே சவுக்கு செழிப்பதற்கும் அதன் வேர்முடிச்சில் உள்ள இந்தப் பிராங்கியாவே காரணம். அலாஸ்காவின் பனிக்கரையில் ஆல்டர் செய்யும் வேலையை நம் ஊர் மணற்கரையில் சவுக்கு செய்கிறது எனலாம்.

ஆல்டர் புதர்க்காட்டில் ஆண்டுக்கு ஹெக்டேருக்கு 50 முதல் 60 கிலோ வரை தழைச்சத்து மண்ணில் சேர்வதாகக் கணக்கிட்டுள்ளனர். ஏக்கருக்கு ஆண்டுதோறும் ஒரு மூட்டை யூரியா இட்டதற்கு இது சமம். அதுவும் சில வருடங்கள் அல்ல, பல பத்தாண்டுகள் தொடர்ந்து நடக்கிறது. மற்ற மரங்கள் இலை உதிர்க்கும் முன் அதில் உள்ள சத்தைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். ஆகவே இலை பழுத்து விழும். ஆல்டருக்குத் தழைச்சத்துப் பஞ்சம் இல்லை. பச்சையாகவே இலையைக் கொட்டிவிடும். தக்கைப்பூண்டை மடக்கி உழும் நம் விவசாயிக்கு இதன் அருமையை விளக்கவேண்டியதில்லை.

சத்து சேரும்போதே மண்ணின் குணமும் மாறுகிறது. பனி விலகியதும் கார அமில நிலை 8 அளவில், அதாவது காரத் தன்மையோடு இருக்கும் மண், ஆல்டரின் கீழ் 50 ஆண்டுக்குள் 5 அளவுக்கு இறங்கி அமில மண்ணாகிவிடுகிறது. இலைமக்கு ஒரு மெத்தைபோல் சேர்கிறது. அதன்பின் ஸ்புரூஸ் என்னும் ஊசியிலை மரம் ஆல்டரைத் தாண்டி வளர்ந்து, நிழல் போட்டு அதை அழித்துவிடுகிறது. சேமித்து வைத்தவன் போனபின் செலவழிப்பவன் வருவதுபோல, ஸ்புரூஸ் காடு வளர வளர மண்ணில் இருந்த தழைச்சத்து கணிசமாகக் குறைந்து மரத்துக்குள் போய்விடுகிறது.

இந்த வரிசை மாறாத சட்டம் என்று வெகுகாலம் பாடப்புத்தகங்கள் எழுதின. அது முழு உண்மையன்று. 1990-களில் மரவளையங்களை எண்ணிப் பார்த்தபோது, விரிகுடாவின் வாசலருகே உள்ள பழைய காடுகளில் ஆல்டர் அடர்ந்து வளரும் முன்பே ஸ்புரூஸ் வந்துவிட்டிருந்தது தெரிந்தது. விதை தரும் காடு பக்கத்திலேயே இருந்ததுதான் காரணம். ஆல்டர் ஸ்புரூஸுக்கு உரம் கொடுப்பதோடு, நிழலாலும் வேர்ப் போட்டியாலும் அதன் கன்றுகளைத் தடுக்கவும் செய்கிறது. கூப்பரின் சதுரங்களிலும் முதலில் வந்து வேரூன்றிய செடியே பல இடங்களில் வெகுகாலம் இடத்தை விடவில்லை. யார் முந்தினார் என்பதும் விதை எங்கிருந்து வந்தது என்பதும் மண்ணின் தகுதியைப் போலவே முக்கியம் என்று இப்போது கருதுகின்றனர்.

ஏரிச் சேற்றில் எழுதிய கணக்கு

ஐரோப்பாவில் பழங்காலத்தில் நடந்தது எப்படித் தெரிந்தது? ஏரி வண்டலிலிருந்துதான். ஏரியில் ஆண்டுதோறும் வண்டல் படியும். அதோடு சுற்றுப்புற மரங்களின் மகரந்தமும் வந்து விழும். மகரந்தத் தூளின் மேலோடு மிக உறுதியானது. காற்றுப் புகாத சேற்றில் பல்லாயிரம் ஆண்டு அழியாது. ஆய்வுக்கூடத்தில் மணலைக் கரைக்கும் கடும் அமிலத்தில் இட்டாலும் கரையாது. ஓக் மரத்தின் தூளுக்கும் பைன் மரத்தின் தூளுக்கும் வடிவம் வேறு. சேற்றை அடிமுதல் மேல்வரை குழாய்போல் துளைத்தெடுத்து, ஒவ்வொரு அடுக்கிலும் எந்தத் தூள் எத்தனை என்று எண்ணினால், எந்தக் காலத்தில் எந்த மரம் நின்றது என்பது தெரிந்துவிடும். இந்த முறையைச் சுவீடன் நாட்டு நிலவியலார் லென்னார்ட் வான் போஸ்ட் 1916-ல் அறிஞர் கூட்டத்தில் எடுத்துரைத்தார். கூப்பர் அலாஸ்காவில் சதுரம் குறித்ததும் அதே ஆண்டில்தான். ஒருவரையொருவர் அறியாமல் இருவரும் ஒரே கேள்வியின் இரு முனைகளைப் பிடித்தனர்.

சுவீடன் ஏரிகளின் அடிச்சேற்றில் முதலில் புல், குறும்புதர், டிரையாஸ் ஆகியவற்றின் சுவடு உள்ளது. கூடவே சீ பக்தார்ன் என்னும் முட்செடியின் மகரந்தம் ஏராளமாகக் கிடைக்கிறது. நம் நாட்டில் லடாக் பகுதியில் புளிப்பான ஆரஞ்சு நிறப் பழம் தரும் செடி இதுவே. இதற்கும் வேரில் பிராங்கியா முடிச்சு உண்டு. ஐரோப்பாவில் ஆல்டர் சற்றுத் தாமதமாகத்தான் வந்தது. ஆரம்ப வேலையைச் செய்தவற்றில் முன்னின்றது இந்த முட்செடி. ஆனால் நிழலைத் தாங்காது. பிர்ச் மரங்கள் அதன் தலைக்குமேல் வளர்ந்ததும், தான் வளப்படுத்திய நிலத்திலிருந்து தானே மறைந்து, திறந்த கடற்கரைகளிலும் மலைகளிலும் மட்டும் தங்கிவிட்டது.

அதை இன்றும் ஓரிடத்தில் பார்க்கலாம். பனியின் பாரத்தால் அமிழ்ந்திருந்த நிலம், பாரம் நீங்கியதால், இன்னும் எழும்பிக்கொண்டிருக்கிறது. சுவீடனுக்கும் பின்லாந்துக்கும் இடையிலுள்ள குவார்க்கன் தீவுக்கூட்டத்தில் ஆண்டுக்குச் சுமார் 8 மில்லி மீட்டர் உயர்கிறது. கரை தட்டையாதலால் ஆண்டுதோறும் சுமார் 100 ஹெக்டேர் புது நிலம் கடலிலிருந்து வெளிவருகிறது. அதன் ஓரத்தில் முதலில் புல், அடுத்து சீ பக்தார்னும் ஆல்டரும், அதற்கும் உள்ளே பிர்ச்சும் ஸ்புரூஸும் என வரிசையாக நிற்கக் காணலாம். அந்தப் புது நிலத்துக்குப் பட்டா யாருக்கு என்ற கேள்வி நம்மவர்க்கு எழும். பின்லாந்தில் அது கரைநிலத்துக்காரரைச் சேராது. அந்த நீர்ப்பரப்பின் உரிமையாளர்களுக்கே, பெரும்பாலும் ஊர்ப் பொதுவாக, சேரும். கரைநிலத்துக்காரர் வேண்டுமானால் விலை கொடுத்து வாங்கிக்கொள்ளலாம்.

பிர்ச்சைத் தொடர்ந்து பைன் வந்தது. சுமார் 10,500 ஆண்டுகளுக்கு முன் ஹேசல் என்னும் கொட்டை தரும் புதர்மரம் வேகமாகப் பரவியது. வேட்டையாடி வாழ்ந்த மக்கள் கொட்டைகளைக் கொண்டுசென்றதும் காரணமாக இருக்கலாம் என்பர். 9,000 ஆண்டு வாக்கில் எல்ம், ஓக், லிண்டன் முதலிய அகன்ற இலை மரங்கள் சேர்ந்து தென் சுவீடனிலும் டென்மார்க்கிலும் அடர்ந்த காடாயின. பீச் மரம் அங்கே பெருகியது கடந்த 4,000 ஆண்டுகளில்தான். கிழக்கே ரஷ்யாவிலிருந்து வந்த ஸ்புரூஸ் இன்னும் தாமதமாக மேற்கே பரவியது. இன்று சுவீடன் என்றாலே ஸ்புரூஸ் காடு நினைவுக்கு வருகிறது. ஆனால் அந்த நாட்டுக்கு அது புதுக்குடியே. இதிலும் ஒரு விதிவிலக்கு உண்டு. நடு சுவீடனில் ஒரு மலைமேல் நிற்கும் ஸ்புரூஸ் ஒன்றின் அடியில் கிடைத்த அதே மரத்தின் பழைய துண்டுகளுக்கு 9,550 ஆண்டு வயது என்று கண்டுள்ளனர். கூட்டமாகப் படையெடுக்கும் முன்னரே ஒன்றிரண்டு அங்கங்கே வந்திருந்தன போலும்.

மரம் எப்படி நடந்தது?

1899-ல் கிளமென்ட் ரீட் என்னும் ஆங்கில அறிஞர் ஒரு கணக்குப் போட்டார். ஓக் கொட்டை கனமானது, மரத்தடியிலேயே விழும். அது முளைத்து மரமாகிக் காய்க்கப் பல ஆண்டுகள் வேண்டும். இப்படி அடிமேல் அடி வைத்து, தெற்கிலிருந்து பிரிட்டனின் வடகோடிக்குச் சுமார் 1,000 கிலோ மீட்டர் போய்ச்சேரப் பத்து லட்சம் ஆண்டுகள் ஆகியிருக்கவேண்டும். ஆனால் சில ஆயிரம் ஆண்டுகளிலேயே ஓக் அங்கே போய்விட்டதே! பறவைகள்தாம் தூக்கிச் சென்றிருக்கவேண்டும் என்று அவர் எழுதினார். பிற்காலத்தில் அது உறுதியாயிற்று. ஜே என்னும் காக்கை இனப் பறவை ஒவ்வொன்றும் குளிர்காலத்துக்கென்று ஒரு பருவத்தில் ஆயிரக்கணக்கான ஓக் கொட்டைகளைத் தொலைவில் கொண்டுபோய் மண்ணில் புதைத்துவைக்கிறது. எடுக்க மறந்தவை முளைக்கின்றன. மகரந்தக் கணக்குப்படி மரங்கள் ஆண்டுக்குச் சில நூறு மீட்டர் வீதம் வடக்கே நகர்ந்துள்ளன. பனிக்காலத்தில் ஓக் தஞ்சம் புகுந்திருந்தது ஸ்பெயின், இத்தாலி, பால்கன் ஆகிய தென் தீபகற்பங்களில் என்பதை இன்றைய மரங்களின் மரபணுவே காட்டுகிறது.

எல்லா மரங்களும் தப்பவில்லை. ஐரோப்பாவில் ஆல்ப்ஸ், பிரனீஸ் மலைகள் கிழக்கு மேற்காகக் கிடக்கின்றன. அதற்கும் தெற்கே கடல். குளிருக்கு அஞ்சித் தெற்கே ஒதுங்கவேண்டிய மரங்களுக்கு அவை சுவராயின. மக்னோலியா, டூலிப் மரம் போன்றவை அங்கே அடியோடு அழிந்தன. வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் அப்பலாச்சிய மலை வடக்கு தெற்காகக் கிடப்பதால் அதே இனங்கள் மலையோரமாகவே இறங்கித் தப்பின. அமெரிக்கக் காட்டில் மரவகை அதிகமாகவும் ஐரோப்பியக் காட்டில் குறைவாகவும் இருப்பதற்கு இது ஒரு முக்கிய காரணம்.

மண்புழு இல்லாத காடு

வட அமெரிக்காவில் இன்னொரு விசித்திரம். அங்கே பனி மூடியிருந்த பகுதியில் மண்புழுக்கள் அழிந்துபோயின. பனி போனபின் மரங்கள் திரும்பின. ஆனால் மண்புழு ஆண்டுக்குச் சில மீட்டர் தூரமே நகரும். ஆகவே மின்னசோட்டா போன்ற மாநிலங்களில் பதினாயிரம் ஆண்டுகளாகக் காடு மண்புழு இல்லாமலே வளர்ந்தது. உதிர்ந்த இலை பூசணங்களால் மெதுவாக மக்கி, தரையில் தடித்த மெத்தையாகச் சேர்ந்தது. மேப்பிள் கன்றுகளும், பெரணிகளும், காட்டுப் பூச்செடிகளும் அந்த மெத்தையில் வேர்விட்டுப் பழகின.

ஐரோப்பியர் குடியேறியபோது செடித்தொட்டி மண்ணிலும், பிறகு தூண்டில் இரையாகவும் ஐரோப்பிய மண்புழுக்கள் போய்ச் சேர்ந்தன. மின்னசோட்டாவில் இன்று காணப்படும் மண்புழு அனைத்தும் வெளியிலிருந்து வந்தவையே. அவை சில ஆண்டுகளில் இலைமெத்தையைத் தின்று தீர்த்துவிடுகின்றன. அடிநிலம் மொட்டையாகி, கன்றுகள் குறைந்து, மரவேர்கள் வெளியே தெரிகின்றன. மீதமான தூண்டில் புழுக்களைக் காட்டில் கொட்டாதீர்கள் என்று அங்குள்ள வனத்துறையினர் மக்களைக் கேட்டுக்கொள்கின்றனர். நம் வயலில் மண்புழு நண்பன் என்பதில் ஐயமில்லை. உழுது பயிரிடும் நிலத்துக்கும் காலகாலமாகப் புழு இருந்த மண்ணுக்கும் அது பொருந்தும். புழு இல்லாமலே வடிவெடுத்த மண்ணுக்கு அதே நண்பன் பகையாகிறது.

மண்ணுக்கும் முதுமை உண்டு

காடு ஒருமுறை அமைந்துவிட்டால் மண் என்றென்றும் வளம் கூடிக்கொண்டே போகும் என்று எண்ணத் தோன்றும். வட நாட்டில் அப்படி நடக்கவில்லை. மழையும் உருகும் பனியும் ஆண்டுதோறும் சுண்ணாம்பையும் சாம்பல் சத்தையும் கழுவிக் கீழே இறக்கின. ஊசியிலை மரங்களின் சருகு அமிலத்தைக் கூட்டியது. அம்மண்ணில் குழி வெட்டினால் மேலே கறுத்த மக்கு, அதன்கீழ் வெளுத்த சாம்பல்நிற அடுக்கு, அதற்கும் கீழே இரும்பு இறங்கிப் படிந்த துருநிற அடுக்கு எனத் தெளிவாகத் தெரியும். இதனை ரஷ்யச் சொல்லால் போட்சால் மண் என்பர். அடியில் சாம்பல் உள்ளது என்பது பொருள். 1958-ல் டென்மார்க் அறிஞர் யோகன்னஸ் ஐவர்சன், பனி விலகிய நிலம் இளமையில் சுண்ணாம்பு மிகுந்தும், நடுவயதில் வளமான பழுப்பு மண்ணோடு அகன்ற இலைக் காடாகவும், முதுமையில் அமிலமாகிப் புதர்க்காடாகவும் சதுப்பாகவும் முடிகிறது என்று விளக்கினார். கிளேசியர் பே ஏரிகளை ஆராய்ந்து 2000-ல் வெளியான முடிவும் இதையே காட்டியது: ஏரிக்கு வயது கூடக் கூட நீரில் உப்புச்சத்து குறைந்து அமிலம் கூடிவந்தது.

இதற்கிடையே உழவனும் வந்துவிட்டான். சுமார் 6,000 ஆண்டுகளுக்கு முன் வடமேற்கு ஐரோப்பாவின் ஏரிச் சேற்றில் எல்ம் மகரந்தம் திடீரென்று குறைகிறது. அதே காலத்தை ஒட்டித் தானிய மகரந்தமும், மிதிபடும் நிலத்துக் களைகளின் மகரந்தமும் தலைகாட்டுகின்றன. எல்ம் மரத்துக்கு நோய் வந்தது என்பது ஒரு சாரார் கருத்து. அக்கால மக்கள் மாட்டுத் தீவனத்துக்காக எல்ம் கிளைகளை ஆண்டுதோறும் கழித்ததால் பூக்கவே இல்லை என்றார் டென்மார்க்கின் தொல்பொருள் அறிஞர் டிரெல்ஸ்-ஸ்மித். ஆட்டுக்கு அகத்தியும் வாகையும் ஒடிக்கும் நம்மவர்க்கு இது எளிதில் விளங்கும். இரண்டும் சேர்ந்தே காரணமாகியிருக்கலாம்.

ஐவர்சனும் டிரெல்ஸ்-ஸ்மித்தும் 1952 முதல் டென்மார்க்கின் டிராவட் காட்டில் ஒரு சோதனை நடத்தினர். அருங்காட்சியகத்தில் இருந்த கற்காலக் கோடரிகளுக்குப் பிடி போட்டு மரம் வெட்டச் செய்தனர். மூன்று ஆட்கள் நான்கு மணி நேரத்தில் ஏறக்குறைய 12 சென்ட் பரப்புக் காட்டை வெட்டிச் சாய்த்தனர். ஒரு கற்கோடரி, ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் சாணை பிடிக்காதது, நூறு மரங்களுக்கு மேல் வெட்டியது. வெட்டிய இடத்தில் ஒரு பகுதியை எரித்துச் சாம்பலில் கோதுமையும் பார்லியும் விதைத்தனர். ஒரு பகுதியை எரிக்காமலே விதைத்தனர். எரித்த இடத்தில் முதல் வருடம் நல்ல விளைச்சல். எரிக்காத இடத்தில் அநேகமாக ஒன்றுமில்லை. சாம்பல், அமில மண்ணைத் திருத்தியதே காரணம். ஆனால் எரித்த இடத்திலும் இரண்டாம் வருடமே விளைச்சல் வெகுவாக விழுந்துவிட்டது. காடு பல்லாயிரம் ஆண்டு சேர்த்ததில் உழவன் எடுக்க முடிந்தது ஒரே ஒரு நல்ல மகசூல்.

மண் ஏற்கெனவே களைத்திருந்த இடங்களில் மரத்தை நீக்கியதன் விளைவு இன்னும் கடுமை. டென்மார்க்கின் மேற்கிலும் பிரிட்டனிலும் பெரும்பரப்பு, ஹீத் எனப்படும் குறும்புதர்த் தரிசாயிற்று. மரம் உறிஞ்சிய நீர் மண்ணிலேயே தங்கியதால் மழை மிகுந்த அயர்லாந்தில் நிலம் சதுப்பாகி, மட்காத பாசமும் புல்லும் மேலே ஏறின. அந்நாட்டின் மேயோ மாவட்டத்தில், அடுப்பெரிக்கப் பீட் எனப்படும் அந்தச் சதுப்புக் கரிமண்ணை வெட்டும்போது அடியில் கற்சுவர்கள் தென்பட்டன. தோண்டிப் பார்த்தால் அவை வரப்புகள். ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் யாரோ அளந்து பிரித்து மாடு மேய்த்த வயல்கள், பல சதுர கிலோ மீட்டர் பரப்புக்கு, சதுப்பின் கீழே புதைந்து கிடக்கின்றன.

இனி நகரவேண்டியவை

இந்தப் பழங்கதையை வட நாட்டு வனத்துறையினர் இப்போது மறுபடியும் புரட்டிப் பார்க்கக் காரணம் உண்டு. பூமி சூடாகி வருகிறது. பனிக்காலம் முடிந்தபோது ஆண்டுக்குச் சில நூறு மீட்டர் நடந்த மரங்கள், சமவெளிகளில் அதைவிட வேகமாக வடக்கே நகரும் வெப்பநிலையைத் தாமாக எட்டிப்பிடிக்க இயலுமா என்பது ஐயமே. அன்று குறுக்கே மலை இருந்தது. இன்று வயலும் நகரமும் சாலையும் குறுக்கே கிடக்கின்றன. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலம் 2009-ல், பல இடங்களின் விதைகளைப் பல தட்பவெப்பங்களில் நட்டுப் பார்க்கும் பெரிய சோதனையைத் தொடங்கியது. 2010-ல் லார்ச் மர விதையை அதன் இயற்கை எல்லைக்கு வெளியே, வடக்கே சற்றுக் குளிரான இடங்களில் நடவும் அனுமதித்தது. ஜே பறவை செய்த வேலையை இப்போது லாரியும் நாற்றங்காலும் செய்கின்றன.

அங்கே நடப்படும் கன்று வெட்டுக்கு வர 60, 80 ஆண்டுகள் ஆகும். ஆகவே எந்த ஊர் விதையை வாங்குவது என்பதை இந்த ஆண்டு வெயிலைப் பார்த்து அவர்கள் முடிவு செய்ய முடியாது. இன்று கடுங்குளிரில் கருகிப்போகாமலும், 2090-ன் வெயிலைத் தாங்குவதாகவும் இரண்டுக்கும் இடைப்பட்ட விதையாகத் தேடவேண்டியுள்ளது. நாற்று போகும் மண்ணில் அதன் வேரோடு கூடி வாழும் பூசணம் இருக்கிறதா என்பதும் பார்க்கவேண்டிய விஷயம். பைன் இன மரங்கள் அது இல்லாத மண்ணில் சவலையாகவே நின்றுவிடும்.